கணக்கும் சுதந்திரமும் கற்பித்த ரிச்சர்டு பிரைஸ்

தேசபக்தர்களுக்குக் கணக்கு எதற்கு என்று கேட்பவர் பலர் உளர். ஆவேசமும் தியாகமும் இருந்தால் போதும், கூட்டலும் பெருக்கலும் குமாஸ்தாக்களின் தொழில் என்பது அவர்கள் எண்ணம். கணித சாஸ்திரத்தில் ஆழ்ந்த பண்டிதர்களோ, ராஜ்ய விவகாரம் தங்களுக்குப் புறம்பானதென்று கதவைச் சாத்திக்கொள்கின்றனர். இவ்விரு திறத்தாரும் ஊன்றிப் படிக்கவேண்டிய சரித்திரம் ஒன்றுண்டு. அது வேல்ஸ் நாட்டிலே பிறந்து, லண்டன் மாநகரையடுத்த ஒரு சிறு கிராமத்துச் சபையில் பிரசங்கம் செய்து வாழ்ந்த ரிச்சர்டு பிரைஸ் என்பவரின் சரித்திரமாகும்.

இன்று உலகெங்கும் வைத்தியர்களும், வான சாஸ்திரிகளும், கம்ப்யூட்டர் நிபுணர்களும் ‘பேயஸ் விதி’ என்ற ஒன்றைக் கையாளுகின்றனர். அந்த விதியைக் காகிதக் குப்பையிலிருந்து எடுத்து உலகிற்கு அளித்தவர் பிரைஸ். இன்ஷூரன்ஸ் தொழில் சூதாட்டமாக இருந்த காலத்தில் அதற்குக் கணித ஆதாரம் தேடித் தந்தவர்களில் முதன்மையானவரும் அவரே. அமெரிக்கர் விடுதலைப் பிரகடனம் செய்வதற்கு ஐந்து மாதம் முந்தியே அவர்கள் கட்சியை லண்டனிலிருந்து துணிந்து எடுத்துரைத்தவரும் அவரே. ஒரே மனிதர் இவ்வளவையும் செய்தது எங்ஙனம் என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் விஷயம்.

இளமை

1723-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 23-ந் தேதி, கிளாமர்கன் ஜில்லாவில் லாங்கைனர் என்னும் ஊரை அடுத்த டின்டன் பண்ணை வீட்டில் பிரைஸ் பிறந்தார். தந்தை ரைஸ் பிரைஸ் மத போதகர். ராஜாங்க மத ஸ்தாபனமாகிய இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத வகுப்பைச் சார்ந்தவர். கால்வின் கொள்கையில் இம்மியும் பிசகாத கண்டிப்புடையவர். சாமுவேல் கிளார்க் என்ற தாராள மனமுடைய பண்டிதரின் பிரசங்கங்களை மகன் படித்துக்கொண்டிருந்ததைக் கண்ட தந்தை, அப்புத்தகத்தைப் பிடுங்கி நெருப்பிலே எறிந்தாரென்று, பிற்காலத்தில் பிரைஸின் ஜீவிய சரித்திரத்தை எழுதிய அவருடைய சகோதரி மகன் வில்லியம் மார்கன் கூறுகிறார். நெருப்பு புத்தகத்தை எரித்தது, ஐயத்தை எரிக்கவில்லை. எந்தக் கொள்கையையும் அதற்குரிய சாட்சியத்தின் பலத்துக்கு மேல் நம்பலாகாது என்ற உறுதி அவ்விளைஞர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

1739-ல் தந்தை காலஞ்சென்றார். குடும்பச் சொத்தின் பெரும் பகுதி மூத்த தாரத்து மகனுக்குச் சேர்ந்தது. சிறிது காலத்தில் தாயும் மறைந்தார். பதினேழு வயதுப் பையன் லண்டனுக்குப் புறப்பட்டான். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளின் பட்டங்கள் ராஜாங்க மதத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திடாதவர்களுக்கு எட்டாதவை. இக்காரணத்தால் அவ்வகுப்பார் தங்களுக்கென்று தனிக் கல்விச்சாலைகளை நடத்தி வந்தனர். மூர்பீல்ட்ஸ் பகுதியில் இருந்த அத்தகைய சாலை ஒன்றில், ஐஸக் நியூட்டனுடன் பழகியவரான ஜான் ஈம்ஸ் என்னும் ஆசிரியரிடம் பிரைஸ் கணிதமும் தத்துவமும் கற்றார். கதவடைக்கப்பட்டவர்கள் தாமே வேறு வீடு கட்டிக்கொண்டதால் விளைந்த நன்மைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.

கல்வி முடிந்தபின் ஒரு தனவந்தர் குடும்பத்தில் பதின்மூன்று ஆண்டு போதகராக இருந்தார். 1757-ல் ஸாரா பிளண்டல் என்னும் பெண்மணியை மணந்து, மறு வருஷம் நியூவிங்டன் கிரீன் என்ற ஊரில் குடியேறினார். அவ்வூர்ச் சபையே அவருடைய ஜீவியத்தின் நடுநாயகமான இடமாயிற்று. அதே 1758-ல் அறநெறியின் அடிப்படைகளை ஆராயும் நூலொன்றை வெளியிட்டுத் தத்துவ அறிஞர் வரிசையிலும் இடம் பெற்றார்.

பேயஸ் விட்டுச் சென்ற காகிதங்கள்

டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற ஊரில் தாமஸ் பேயஸ் என்ற மற்றொரு போதகர் இருந்தார். அவரும் கணிதப் பிரியர். 1761 ஏப்ரலில் அவர் இறந்தபின் அவருடைய உறவினர்கள், அவர் விட்டுச் சென்ற கையெழுத்துப் பிரதிகளைப் பார்வையிடுமாறு பிரைஸைக் கேட்டுக்கொண்டனர். அக்காகிதங்களுக்கிடையே முற்றுப்பெறாத கட்டுரை ஒன்று அகப்பட்டது. மற்றொருவராக இருந்தால் ஒருமுறை புரட்டிப் பார்த்துக் கட்டி வைத்திருப்பார். பிரைஸ் அதன் அருமையை அறிந்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டு அதனோடு உழைத்து, முகவுரை எழுதி, குறைகளை நிரப்பி, தாமே ஓர் அநுபந்தமும் சேர்த்து, 1763 நவம்பரில் ராயல் சொஸைட்டியைச் சேர்ந்த ஜான் கான்டன் என்பவருக்கு அனுப்பினார். டிசம்பர் 23-ந் தேதி அது அச்சபையில் வாசிக்கப்பட்டது. 1765-ல் பிரைஸ் அச்சபையின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அக்கட்டுரையில் அப்படி என்ன இருந்தது? ‘நிகழ்தகவு’ என்று இக்காலப் பாடநூல்கள் வழங்கும் சாத்தியக் கணிதம் அதற்கு முன்னமே உண்டு. ஒரு பானையில் இத்தனை வெள்ளைக் காய், இத்தனை கறுப்புக் காய் என்று முன்னரே தெரிந்தால், கையை விட்டு எடுக்கும்போது எந்த நிறம் வருமென்பதற்குரிய சாத்தியத்தைக் கணக்கிடுவது எளிது. ஆனால் உலக வாழ்வில் பானைக்குள் இருப்பதை நமக்குச் சொல்பவர் யார்? வெளியே வந்த காய்களை மட்டுமே நாம் காண்கிறோம். அவற்றைக்கொண்டு உள்ளிருப்பதை ஊகிக்க வேண்டும். காரணத்திலிருந்து காரியத்துக்குப் போவது பழைய கணக்கு. காரியத்திலிருந்து காரணத்துக்குத் திரும்பி வருவது பேயஸ் தொடங்கிய கணக்கு.

வக்கீல் தொழில் தெரிந்தவர்களுக்கு இது புதிதன்று. நியாயஸ்தலத்தில் குற்றம் நடந்ததை நீதிபதி நேரில் பார்த்ததில்லை. ஒரு சாட்சி வருகிறான். அபிப்பிராயம் சிறிது சாய்கிறது. மற்றொரு தஸ்தாவேஜு வருகிறது. இன்னும் சிறிது சாய்கிறது. எதிர்க் கட்சியின் குறுக்கு விசாரணையில் சிறிது மீள்கிறது. ஒவ்வொரு சாட்சியமும் முன்னிருந்த நம்பிக்கையை எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதை நீதிபதி மனத்தால் நிறுத்துப் பார்க்கிறார். அந்தத் தராசுக்குப் படிக்கல் செய்து கொடுத்ததே பேயஸ் விதியின் சிறப்பு.

பிரைஸ் எழுதிய அநுபந்தத்தில்தான் இக்கணக்கு உயிர் பெறுகிறது. அப்பொழுதே உலகிற்கு வந்த ஒரு மனிதன் சூரியன் உதிப்பதைக் காண்கிறான் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார். முதல் தோற்றத்துக்குப் பின் அது மீண்டும் ஒருமுறை உதித்ததைக் கண்டால், உதயத்திற்குரிய சாத்தியம் சரிபாதிக்கு மேற்பட்டதென்று 3-க்கு 1 வீதம் அவன் பந்தயம் வைக்கலாம். பத்து முறை தவறாமல் திரும்பி வந்தால் அவ்வீதம் 2,047-க்கு 1 ஆகிறது. லட்சக்கணக்கான முறை உதித்தால் பந்தயத்தின் வீதம் மலைபோல் வளரும். ஆயினும் ‘இனி ஒருபோதும் தவறாது’ என்ற பூரண நிச்சயம் மட்டும் ஒருகாலும் கிட்டாது. அநுபவம் நம்பிக்கையை வளர்க்கும், சர்வாதிகாரத்தை அளிக்காது என்பதே இதன் தாத்பரியம்.

மற்றொன்று லாட்டரித் திருஷ்டாந்தம். 10 வெற்றுச் சீட்டும் 1 பரிசுச் சீட்டும் வெளிவந்ததைப் பார்த்த ஒருவன், ‘சக்கரத்தினுள்ளும் இதே விகிதந்தான், 9-க்கும் 11-க்கும் இடையே அடங்கும்’ என்று சாதித்தால், அவன் கூற்று மெய்யாவதற்குரிய சாத்தியம் நூற்றில் எட்டுக்கும் குறைவு. அதாவது அவனுக்கு விரோதமாக ஏறக்குறைய 12-க்கு 1. அதே விகிதத்தில் 1,000 வெற்றுச் சீட்டும் 100 பரிசுச் சீட்டும் வெளிவந்திருந்தால், சாத்தியம் மூன்றில் இரண்டு பங்கை எட்டுகிறது. விகிதம் ஒன்றே, சாட்சியத்தின் அளவுதான் வேறு. நான்கு பேரைக் கண்டு நாடே இப்படியென்று தீர்ப்பளிக்கும் மேடைப் பிரசங்கிகள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நலம்.

பிரைஸ் மத போதகராதலால், பிரபஞ்சத்தின் ஒழுங்கு தற்செயலன்று என்ற வாதத்துக்கு இக்கணக்கு துணை செய்யுமென்று கருதினார். 1767-ல் வெளியிட்ட நான்கு ஆராய்ச்சிகளில், அற்புதங்களைப் பற்றி டேவிட் ஹ்யூம் செய்த வாதத்தை எதிர்த்தும் எழுதினார். லாட்டரியில் ஒரு குறிப்பிட்ட எண் விழுவது மிகமிக அரிது. ஆனாலும் பத்திரிகையில் அந்த எண் வந்ததும் நம்பிவிடுகிறோமன்றோ? ஆகவே சம்பவம் அரிது என்பது ஒன்றே சாட்சியைத் தள்ளப் போதாது என்பது அவர் மறுப்பின் ஒரு கூறு. இவ்விவாதத்தில் எக்கட்சி வென்றது என்பது இருக்கட்டும். பிரைஸ் மரியாதை குன்றாமல் எழுதியதற்கு ஹ்யூம் நன்றி தெரிவித்துக் கடிதம் விடுத்தார். எதிரியின் வாதத்தைத் தாக்கி எதிரியைத் தாக்காதிருக்கும் இக்குணம் இரு தரத்தாருக்கும் அணியாக அமைந்தது.

விதவைகளின் பணம்

1762-ல் லண்டனில் ‘ஈக்விடபிள்’ என்ற ஆயுள் இன்ஷூரன்ஸ் சங்கம் ஏற்பட்டது. வயதுக்கேற்பப் பிரீமியம் வசூலித்து, கணித முறைப்படி நடப்பதே அதன் நோக்கம். 1768-ல் அச்சங்கத்தார் பிரைஸின் ஆலோசனையை நாடினர். அது முதல், நியூவிங்டன் கிரீன் போதகர் மரணக் கணக்கிலும் வட்டிக் கணக்கிலும் மூழ்கினார்.

அந்நாளில் லண்டனில் மற்றொரு வகைச் சங்கங்கள் காளான்போல் முளைத்திருந்தன. சந்தா கட்டினால், அங்கத்தினர் இறந்தபின் மனைவிக்கு ஆயுள் உள்ளவரை வருஷாசனம் தருவதாக அவை வாக்களித்தன. ஆரம்ப வருஷங்களில் சந்தா குவியும். விதவைகளோ மிகச் சிலர். பெட்டி நிறைந்திருப்பதைக் கண்டு நிர்வாகிகள் மகிழ்வர். வருஷாசனத்தை உயர்த்தவும் செய்வர். அங்கத்தினர் முதுமை எய்தி ஒவ்வொருவராக மறையும் காலத்தில்தான் கடன் வந்து கதவைத் தட்டும். முதலில் வந்தவர்கள் கொழுப்பர். கடைசியில் வந்த விதவைகள் வெறுங்கையோடு நிற்பர். 1771-ல் வெளியிட்ட ‘பின்னுரிமைத் தொகைகள்’ பற்றிய நூலில் பிரைஸ் இச்சங்கங்களின் வாக்குறுதிகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, அவை நிலைக்கமாட்டா என்பதை வெளிப்படுத்தினார். பலரை இந்நூல் கண் திறக்கச் செய்தது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்ற நம் பழமொழியை அவர் கேட்டதில்லை. ஆனால் அவர் உபதேசித்தது அதுவே.

இந்த எச்சரிக்கை பழங்கதையன்று. 1775 முதல் 1830 வரை வில்லியம் மார்கன் கணிதாலோசகராக இருந்து காப்பாற்றிய அதே ஈக்விடபிள் சங்கம், இருபதாம் நூற்றாண்டில் உத்தரவாதமான வருஷாசன வீதங்களை வாக்களித்து, வட்டி வீழ்ந்து ஆயுள் நீண்ட காலத்தில் அவற்றைத் தாங்கமாட்டாமல், 2000-ம் வருஷத்தில் நியாயஸ்தலத்தில் தோற்று, அவ்வாண்டு டிசம்பரில் புதிய வியாபாரத்துக்குக் கதவடைத்தது. ஸ்தாபகர் காலத்துப் பாடத்தைப் பின்வந்தோர் மறந்ததன் பலன் இதுவென்க.

கணித்தவரும் தவறினார்

பெரியோரின் பிழைகளை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பிரைஸின் பிழைகளிலும் கற்கவேண்டியது நிரம்ப உண்டு.

நார்தாம்டன் நகரில் ஒரு கோயிற் பற்றின் அடக்கப் பதிவேடுகளைக்கொண்டு, 1735 முதல் 1780 வரையில் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து, பிரைஸ் ஓர் ஆயுள் அட்டவணை தயாரித்தார். 1783-ல் வெளியான இந்த ‘நார்தாம்டன் அட்டவணை’ நெடுங்காலம் இன்ஷூரன்ஸ் உலகின் வேதமாக விளங்கிற்று. ஆனால் அதில் ஒரு பழுது இருந்தது. அந்நகரில் ‘பாப்டிஸ்ட்’ வகுப்பினர் பலர் வாழ்ந்தனர். அவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் செய்விப்பதில்லை. ஆகவே ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறிய எண்ணிக்கை உண்மையான பிறப்பைக் காட்டிலும் குறைந்திருந்தது. பிரைஸின் கணக்கில் மக்கள் உண்மையிற் காட்டிலும் விரைவாக இறப்பதாகத் தோன்றியது. பிறந்த குழந்தைக்குச் சராசரி ஆயுள் ஏறக்குறைய 25 ஆண்டே என்று அட்டவணை கூறியது.

இதன் விளைவு விசித்திரமானது. இன்ஷூரன்ஸ் சங்கத்துக்கோ, மக்கள் அட்டவணையைவிட அதிக காலம் வாழ்ந்தால் லாபம். ஈக்விடபிள் செழித்துப் பெருநிதி திரட்டியது. வருஷாசனம் கொடுப்போனுக்கோ, மக்கள் அதிக காலம் வாழ்ந்தால் நஷ்டம். 1808 முதல் பிரிட்டிஷ் சர்க்கார் இதே அட்டவணையை ஆதாரமாகக் கொண்டு வருஷாசனங்களை விற்றது. கஜானாவில் ஓட்டை விழுந்தது. ஜான் பின்லேஸன் என்ற நிபுணர் எடுத்துக் காட்டிய பிறகே அவ்வோட்டை அடைபட்டது. ஒரே பிழை ஒருவரைச் செல்வராக்கி மற்றொருவரைக் கடனாளியாக்கிற்று.

இரண்டாவது பிழை ஜனத்தொகை பற்றியது. 1688-க்குப் பின் இங்கிலாந்தின் ஜனத்தொகை பெரிதும் சுருங்கிவிட்டதென்றும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்ந்து ஐம்பது லட்சத்துக்கு மேல் இல்லையென்றும் அவர் 1780-ல் வாதித்தார். வரிக் கணக்கில் கண்ட வீடுகளின் எண்ணிக்கை அவருக்கு ஆதாரம். வில்லியம் வேல்ஸ், ஜான் ஹௌலட் என்ற இருவர் மறுத்தெழுதினர். 1801-ல் முதல் குடிக்கணக்கு எடுத்தபோது தொகை ஏறக்குறைய 89 லட்சமாக இருந்தது. ஆடம்பரமும் பெருநகர வாழ்வும் தேசத்தை அரிக்கின்றன என்பது பிரைஸின் ஆழ்ந்த நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கு இசைந்த சாட்சியை அவர் போதிய குறுக்கு விசாரணையின்றி ஏற்றுக்கொண்டார் என்றே நாம் கருதுகிறோம். சாட்சியத்தை நிறுக்கும் முறையை உலகிற்கு அளித்தவரே, தம் விருப்பம் தராசில் விரல் வைத்ததைக் கவனிக்கவில்லை.

மூன்றாவது, தேசக் கடனைப் பற்றியது. கிறிஸ்து பிறந்த நாளில் ஒரு பென்னியை 5 சதவீத வட்டிக்கு வட்டி வீதம் போட்டிருந்தால், பூமியளவு பருத்த பொன் உருண்டைகள் கோடிக்கணக்கில் சேர்ந்திருக்கும், வெறும் வட்டியாயின் ஏழு ஷில்லிங்கும் சில்லறையுமே தேறியிருக்கும் என்று பிரைஸ் எழுதினார். 1772-ல் தேசக் கடன் பற்றி அவர் வெளியிட்ட பிரசுரத்தின் கருத்தை ஒட்டி, பிரதம மந்திரி பிட் 1786-ல் கடன் தீர்ப்பு நிதி ஒன்றை ஏற்படுத்தினார். வரும்படி மிஞ்சும் வரையில் இத்திட்டம் நல்லதே. யுத்தம் வந்து வரும்படி போதாதபோது, புதுக் கடன் வாங்கிப் பழங்கடன் நிதிக்குக் கட்டினர். இது வலக்கைப் பணத்தை இடக்கைக்கு மாற்றி, மாற்றியதற்குத் தரகும் கொடுப்பதாக முடிந்தது. 1813-ல் ராபர்ட் ஹாமில்டன் இம்மாயையை உடைத்தார். பிற்காலத்தில் கார்ல் மார்க்ஸும் அந்தப் பொன் உருண்டைகளைப் பரிகசித்தார்.

அமெரிக்காவும் இந்தியாவும்

பெஞ்சமின் பிராங்க்லின் லண்டனில் வசித்த காலத்தில் பிரைஸின் நெருங்கிய நண்பர். லண்டன் நகரின் மரணக் கணக்கைப் பற்றிய பிரைஸின் 1769-ம் ஆண்டுக் கட்டுரையே பிராங்க்லினுக்கு எழுதிய கடித ரூபமாக வெளிவந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் பிரிட்டிஷ் சர்க்காருக்கும் சச்சரவு முற்றியபோது பிரைஸ் மௌனமாக இருக்கவில்லை. 1776 பிப்ரவரியில் ‘சிவில் சுதந்திரத்தின் இயல்பு’ பற்றிய அவருடைய பிரசுரம் வெளிவந்தது. வெகு சீக்கிரத்தில் ஆயிரக்கணக்கான பிரதிகள் விற்றன. பதிப்பின்மேல் பதிப்பு வந்தது. சர்க்கார் கட்சியார் அவரை வசைமாரியால் நனைத்தனர். லண்டன் நகர சபையோ அவருக்கு நகர உரிமைப் பட்டம் அளித்துக் கௌரவித்தது.

அவர் வாதம் வெகு தெளிவானது. ஆள்வோர் நாட்டின் சொத்துக்காரர் அல்லர், தருமகர்த்தாக்கள் மட்டுமே. தருமகர்த்தா பொறுப்பை மீறினால் பொறுப்பு பறிபோகும். ஒரு சமூகம், தனக்கு நேர்மையான பிரதிநிதித்துவம் இல்லாத மற்றொரு சமூகத்தின் சட்டத்துக்கும் வரிவிதிப்புக்கும் உட்பட்டிருக்குமாயின், அது அடிமை நிலையே. ஆளும் நாடு எவ்வளவு நாகரிகமுடையதாயினும், எஜமான் எவ்வளவு நல்லவனாயினும், அடிமைத்தனம் அடிமைத்தனமே.

நம் நேயர்கள் முக்கியமாக அறியத்தக்க செய்தி ஒன்று இப்பிரசுரத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவுக்காகப் பேசிய பிரைஸ், இந்தியாவைத் திரும்பிப் பாருங்கள் என்று தம் தேசத்தாரை அழைத்தார். கொள்ளை ஆசையாலும் நாடு பிடிக்கும் வெறியாலும் உந்தப்பட்ட ஆங்கிலேயர் அங்கே ராஜ்யங்களைப் பாழாக்கி, குற்றமற்ற லட்சக்கணக்கான மக்களை நாசமாக்கினர் என்று அவர் வெளிப்படையாகக் குற்றஞ் சாட்டினார். வங்காளத்தில் 1770-ல் தலைவிரித்தாடிய பெரும் பஞ்சம் நடந்து ஆறு ஆண்டே ஆகியிருந்த காலம் அது. கம்பெனியின் லாபப் பங்கில் லண்டன் கனவான்கள் திளைத்த காலமும் அதுவே. கப்பலில் வந்த பொன்னைக் கணக்கிட்டவர் ஆயிரம் பேர். அதன் பொருட்டு அழிந்த உயிரைக் கணக்கில் சேர்த்தவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் இந்த வேல்ஸ் நாட்டார்.

1778 அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ், பிரைஸைத் தங்கள் பிரஜையாகக் கருத விரும்புவதாகவும், அவர் வந்து பொக்கிஷ விவகாரத்தை ஒழுங்குபடுத்த உதவவேண்டுமென்றும் தீர்மானம் நிறைவேற்றியது. பிரைஸ் வணக்கத்துடன் மறுத்துவிட்டார். 1781-ல் ஏல் கலாசாலை அவருக்கும் ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் ஒருங்கே டாக்டர் பட்டம் வழங்கியது. ஆனால் கௌரவம் பெற்றதற்காக அவர் வாய் மூடவில்லை. 1784-ல் அமெரிக்கர்களுக்கே எழுதிய பிரசுரத்தில், நீக்ரோ அடிமை வியாபாரத்தை வன்மையாகக் கண்டித்து, அதனை ஒழிக்காதவரையில் தாங்கள் போராடிப் பெற்ற சுதந்திரத்துக்கு அவர்கள் தகுதியுடையவராகத் தோன்றமாட்டார் என்று இடித்துரைத்தார். தென் மாகாணங்களில் பலருக்கு இது கசந்தது. நண்பனுக்கும் கணக்குக் காட்டச் சொல்லும் துணிவுக்கே நேர்மை என்று பெயர்.

தேசபக்தி யாது?

1789 நவம்பர் 4-ந் தேதி, லண்டன் ஓல்டு ஜூவரி மண்டபத்தில், 1688-ம் வருஷப் புரட்சியின் ஞாபகார்த்தமாகப் பிரைஸ் பிரசங்கம் செய்தார். பாரிஸில் பாஸ்டில் சிறை வீழ்ந்து நான்கு மாதமே ஆகியிருந்தது. அவர் எடுத்துக்கொண்ட விஷயம் தேசாபிமானம். தேசம் என்பது நாம் பிறந்த மண் மட்டுமன்று. ஒரே சட்டத்தின்கீழ் நம்மோடு வாழும் மக்கள் கூட்டமே தேசம் என்றார். தேசத்தை நேசிப்பதென்றால் மற்றெல்லாத் தேசங்களைவிட அது மேலானதென்று நம்புவது பொருளன்று. பிற நாட்டைப் பிடித்தாளும் ஆசை தேசபக்தி ஆகாது. அறிவும் அறமும் சுதந்திரமும் தம் நாட்டில் தழைக்கப் பாடுபடுவதே உண்மையான தேச சேவை என்றார். மனச்சாட்சிச் சுதந்திரம், அத்து மீறும் அதிகாரத்தை எதிர்க்கும் உரிமை, ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கவும் தவறினால் நீக்கவும் மக்களுக்குள்ள உரிமை ஆகிய மூன்றையும் வற்புறுத்தினார்.

எட்மண்ட் பர்க்குக்கு இது பொறுக்கவில்லை. அமெரிக்க விவகாரத்தில் தாராளமாகப் பேசிய அந்தப் பெரும் பேச்சாளரே, 1790 நவம்பரில் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எழுதிய நூலில் பிரைஸின் பிரசங்கத்தைக் கடுமையாகத் தாக்கினார். அதற்கு முதன்முதல் எழுந்து பதிலளித்தவர் மேரி வுல்ஸ்டன்கிராப்ட் என்ற மாதரசி. நியூவிங்டன் கிரீனில் பள்ளிக்கூடம் நடத்தி, பிரைஸின் பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவர் அவர். பின்னர் பெண்கள் உரிமைக்காக எழுதிப் புகழ் பெற்றார். அடுத்து தாமஸ் பெயினின் ‘மனித உரிமைகள்’ வெளிவந்தது. ஒரு முதியவரின் பிரசங்கத்திலிருந்து கிளம்பிய பொறி ஒரு யுகத்தின் விவாதமாயிற்று.

பிரைஸ் அவ்விவாதத்தின் முடிவைக் காண இருக்கவில்லை. 1791 ஏப்ரல் 19-ந் தேதி காலமானார். ஆக்ஸிஜன் ஆராய்ச்சியால் புகழ்பெற்ற ஜோஸப் பிரீஸ்ட்லி அவருக்கு இரங்கற் பிரசங்கம் செய்தார். பன்ஹில் பீல்ட்ஸ் மயானத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே மயானத்தில் அடங்கியிருந்தார் தாமஸ் பேயஸ்.

நாம் கொள்ளத்தக்கது

பேயஸ் கட்டுரை அக்காலத்தில் பெரும் பரபரப்பை உண்டாக்கவில்லை. 1774-ல் பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் அதே கருத்தைத் தாமாகக் கண்டு விரிவுபடுத்தினார். இரண்டாவது உலக யுத்தத்தில் ஆலன் டூரிங் ஜெர்மானியரின் சங்கேத லிபியை உடைக்க இவ்வகைத் தர்க்கத்தையே கையாண்டார். இன்று நோய்ப் பரிசோதனையின் பலனை எவ்வளவு நம்பலாமென்று வைத்தியர் கணக்கிடுவதும், வேண்டாத அஞ்சலைக் கம்ப்யூட்டர் பிரித்தெடுப்பதும் அத்தர்க்கத்தின் வழியே. விதிக்குப் பேயஸ் பெயர் நிலைத்தது. பிரைஸ் பெயர் பின்னால் நின்றது. இறந்த நண்பரின் உழைப்பைத் தம் பெயரில் வெளியிட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார். அவ்வாறு செய்யாத நேர்மையே அவருடைய கணிதத்துக்கும் அரசியலுக்கும் பொதுவான அஸ்திவாரம்.

மேல்நோக்காகப் பார்ப்பவருக்குப் பிரைஸின் ஜீவியம் தொடர்பற்ற துண்டுகளாகத் தோன்றலாம். ஊன்றிப் பார்த்தால் எல்லாம் ஒன்றே. கண்ட சாட்சியத்துக்கு மேல் நம்பாதே என்றார் சாத்தியக் கணிதத்தில். கையிருப்புக்கு மேல் வாக்களிக்காதே என்றார் விதவை நிதியில். கொடுத்த பொறுப்புக்கு மேல் ஆளாதே என்றார் அரசியலில். மூன்றிலும் அவர் கேட்டது கணக்கு. கணக்குக் கேட்கப்படாத இடத்தில் கோஷம் சங்கமாகிறது, சங்கம் சர்க்காராகிறது, சர்க்கார் சங்கிலியாகிறது.

அவருடைய பிழைகளும் இதையே போதிக்கின்றன. தம் கொள்கைக்கு இனிய புள்ளி விவரம் கிடைத்த இடத்தில்தான் அவர் வழுக்கி விழுந்தார். பகைவன் காட்டும் கணக்கை எல்லோரும் சோதிப்பர். தன் கட்சிக்குச் சாதகமான கணக்கைச் சோதிப்பவனே உண்மையான பொதுநல ஊழியன். பொதுப்பணியில் இறங்கும் வாலிபர்கள் மேடைக்கு ஏறுமுன் கையிலுள்ள எண்களை ஒருமுறை குறுக்கு விசாரணை செய்யட்டும். எத்தனை பேரைப் பார்த்தோம், எவரை விட்டுவிட்டோம், எந்தப் பதிவேட்டில் ஏறாதவர் எத்தனை பேர் என்று கேட்கட்டும். நார்தாம்டனில் பதிவேறாத குழந்தைகள் ஒரு சர்க்காரின் கஜானாவையே கவிழ்த்தன என்பதை மறவாதிருப்பார்களாக.